‘மிதி’ என்று எழுதிய அட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து மனசு அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பிரேக் பிடித்தால் காரின் முன் சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வருகிறது, இந்த வாரக் கடைசியில் நானே பிரேக் பேட் மாற்றப்போகிறேன் என்றாய். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இத்தனை வருஷமாக என் வண்டிக்கு நானே மாற்றிக்கொண்டிருக்கிறேன், உன்னிடம் எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றால் என்னவெல்லாம் சொல்வேனோ, அதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். தாளாக இருந்தால் எண்ணெய்க் கையோடும் புரட்டலாம்.

நான் இந்த வேலையை எதற்காகக் கற்றுக்கொண்டேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. நீ இரண்டாம் வகுப்பு படித்த சமயம். வண்டியை சர்வீஸ் விட்டு எடுத்தேன். முன் பேட் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது என்றார்கள். சில வாரத்திலேயே பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இரும்பை இரும்பால் தேய்ப்பதுபோல் ஒரு கரகரப்பு. உன்னைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடான டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்தான் பேட். வெளிப்பக்கத்துப் பேட் அவர்கள் சொன்னபடியே நன்றாக இருந்தது. உள்பக்கத்துப் பேட்டில் தேய்வதற்கு எதுவும் பாக்கியில்லை. பின்னால் இருக்கும் இரும்புத் தகடே டிஸ்க்கை உழுதுகொண்டிருந்தது. வரிவரியாகப் பள்ளம். அந்த வண்டியில்தான் தினமும் உன்னைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போயிருக்கிறேன்.

பார்த்தவர் பொய் சொல்லவில்லை. சக்கரத்து இடுக்கு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். அங்கிருந்து வெளிப்பேட் மட்டும்தான் தெரியும். அதனால் உனக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உள்பேட்டைப் பார்க்காமல் பிரேக்கைப் பார்த்ததாக நினைக்காதே.

ஏன் உள்பேட் மட்டும் தேய்ந்தது என்று புரிந்தால் பாதி வேலை கைவந்த மாதிரி. பேட்டுகளைப் பிடித்திருக்கும் கவ்விதான் காலிப்பர். உன் வண்டியில் இருப்பதுபோன்ற காலிப்பரில், பேட்டைத் தள்ளும் உருளையான பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் உண்டு. நீ பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் உள்பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும். அதற்குமேல் பிஸ்டனுக்குப் போக இடமில்லாததால் காலிப்பர் மொத்தமும் எதிர்ப்பக்கம் நகர்ந்து வெளிப்பேட்டை இழுத்துக்கொண்டு வந்து அழுத்தும். அப்படி நகர்வதற்கு இரண்டு ஸ்லைடு பின் இருக்கிறது. ரப்பர் உறைக்குள் இருக்கும் விரல் நீளக் கம்பி, அவ்வளவுதான். அது துருப்பிடித்து இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. உள்பேட் ஒன்றே பெரும்பாலான வேலையைச் செய்து தேய்ந்து முடியும். புதுப் பேட் போட்டாலும் பின்னைக் கவனிக்காவிட்டால் அதே கதைதான் மறுபடியும்.

உனக்கு வரும் கீச்சொலி பெரும்பாலும் பேட்டில் இருக்கும் சின்னத் தகட்டுநாக்கின் வேலையாக இருக்கும். பேட் தேயத் தேய அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்த வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். புதுப் பேட்டில் தேயும் பகுதி சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடு. கீச்சென்று கேட்பது கரகரவென்று மாறினால் மட்டும் வார இறுதி வரை ஓட்டாதே. அன்றே நிறுத்திவிடு.

சரி, வேலைக்கு வருவோம். எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது வண்டியைத் தூக்கும் இடத்தில்தான். சமமான, கெட்டியான தரை வேண்டும். மண்ணிலும் சரிவிலும் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடு. தூக்கிய பிறகு முறுக்கினால் வண்டி ஆடும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. தாங்க ஸ்டாண்ட் வேண்டும். உன்னிடம் இல்லையென்றால் வாங்கும்வரை வேலை தள்ளிப்போகட்டும். ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டியின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடு. ஸ்டாண்ட் நழுவினாலும் அது கொஞ்சம் தாங்கும். இதில் ஒன்றைக்கூட அவசரத்துக்காக விடமாட்டேன் என்று எனக்காக நினைத்துக்கொள்.

சாவியை உன் பாக்கெட்டில் வைத்துக்கொள். காலிப்பர் கழன்றிருக்கும்போது யாராவது உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

காலிப்பர் வெளிப்பக்கமாக வரும்படி ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதன் பின்பக்கம் கைக்கு எட்டும். கழற்றுவதற்கு முன் நாலு கோணத்தில் படம் எடு. ஒருபக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போ, இரண்டையும் சேர்த்துப் பிரித்துப் போடாதே. சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பல வண்டிகளில் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றிக் காலிப்பரை மேலே மடக்கினால் போதும். முழுக்கக் கழற்றுவதாக இருந்தால் கம்பியைக் கொக்கியாக வளைத்து ஸ்பிரிங்கில் மாட்டித் தொங்கவிடு. பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸில் அதன் பாரம் விழக் கூடாது, உள்ளுக்குள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது.

கறுப்புத் தூசி நிறைய இருக்கும். ஊதாதே, காற்றடிக்கவும் செய்யாதே. முகமூடி போட்டுக்கொண்டு பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடை.

இனி ஸ்லைடு பின். கையால் இழுத்தால் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாகப் பூசு. வீட்டில் இருக்கிற சாதாரண கிரீஸோ என்ஜின் ஆயிலோ படவே கூடாது, அது பட்டால் ரப்பர் ஊதிப்போய் ஸ்லைடு பின் இன்னும் இறுகும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்று. பேட்டின் இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் உட்காரும் இடத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷால் சுரண்டி எடு. எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்த பகுதி இது. இறுகிக் கிடந்த ஸ்லைடு பின் இரண்டு விரல் தள்ளலில் வழுக்கிப் போகும்போது அப்படி ஒரு திருப்தி.

டிஸ்க்கையும் பார். எவ்வளவு கனத்துக்குக் கீழே போகக் கூடாது என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். துருவைத் துடைத்தால் தெரியும். ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரப்பை விட்டுவிட்டு, பேட் தொடும் பரப்பில் நாலைந்து இடத்தில் அள. குறைந்துவிட்டது, விரிசல் விட்டிருக்கிறது என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். பேட்டும் அப்படித்தான், ஒருபக்கம் மட்டும் புதுசு போட்டால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

புதுப் பேட் கனமாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். பழைய பேட்டைப் பிஸ்டன்மேல் வைத்து சி கிளாம்ப் என்ற திருகுப் பிடியைப் போட்டு மெதுவாக முறுக்கு. தள்ளத் தள்ள, மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும், தண்ணீரால் உடனே கழுவு. மட்டம் அதிகமாக இருந்தால் முன்கூட்டியே சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடலாம். பிஸ்டன் போக மறுத்தால் பலம் காட்டாதே. அங்கே நிறுத்து. பின் சக்கரத்துக் காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும், பட்டன் ஹேண்ட் பிரேக் வண்டியென்றால் அதை முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் இந்தத் தடவை முன் சக்கரத்தோடு நிறுத்திக்கொள்.

போல்ட்டுகளை உன் வண்டியின் மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு, முறுக்கின் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கு. வேறு வண்டிக்கு யாரோ வீடியோவில் சொன்ன அளவு உனக்கு ஆகாது. கடைசியாக ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சக்கரத்தை மாட்டு.

இப்போது அந்த அட்டை. சின்ன வயதில் ஸ்டியரிங்கில் கயிற்றில் ஓர் அட்டை தொங்குவதைப் பார்த்து, ‘அம்மா, மிதின்னா என்ன?’ என்று எழுத்துக்கூட்டிப் படித்துக் கேட்பாய். உள்ளே தள்ளிய பிஸ்டனுக்கும் பேட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பெடலைப் பலதடவை மிதித்தால்தான் பிஸ்டன் வந்து ஒட்டும். அதுவரை பிரேக்கே கிடையாது. இரண்டாவது தடவை பேட் மாற்றியபோது நான் அதை மறந்துவிட்டேன். எல்லாம் மாட்டி முடித்த சந்தோஷத்தில் ரிவர்ஸ் எடுத்தேன். பெடல் தரைவரை போனது, வண்டி நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததில், சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. நீ அந்தச் சுவரோரம்தான் எப்போதும் விளையாடுவாய். அன்று நீ வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாய். ரொம்ப நேரம் இறங்காமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உன் நோட்டு அட்டையைக் கிழித்து ‘மிதி’ என்று எழுதினேன். சக்கரத்தைக் கழற்றும் முன் அதைத் தொங்கவிடுவேன், பெடல் கெட்டியானால்தான் எடுப்பேன். அந்த அட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

என்ஜினைப் போடுவதற்கு முன்பே மெதுவாக, பாதி தூரம் வரை மட்டும் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கு. பழைய வண்டியில் தரைவரை அமுக்கினால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் துருப்பிடித்த இடத்தில் உரசிக் கெடலாம். அப்புறம் ஆயில் மட்டத்தைப் பார், என்ஜினைப் போட்டு மறுபடி மிதித்துப் பார். பெடல் மெத்தென்று இருந்தாலும், மிதித்துப் பிடிக்கும்போது மெல்ல இறங்கினாலும் ஓட்டாதே. நீ பிரேக் ஆயில் லைனை எங்கும் திறக்கவில்லையென்றால் காற்று புகுந்திருக்கக் கூடாது, ஆகவே வேறு ஏதோ கோளாறு. ஆயில் கசிவு, வெடித்த ஹோஸ், அணையாத ஏபிஎஸ் விளக்கு, இதில் எது இருந்தாலும் மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு வரச்சொல். ஓட்டிக்கொண்டு போய்க் காட்டாதே.

பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினாய்? உனக்கே நினைவில்லை என்றால் நாளாகிவிட்டது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு, அத்தனையும் சூடாகத்தான் மாறும். நீளமான இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டால் பெடல் காற்றை மிதிப்பதுபோல் உள்ளே போகும். அதனால்தான் பல வண்டிகளுக்கு 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மூடியில் எந்த டாட் என்று எழுதியிருக்கும், அதையே ஊற்று. டாட் 5 மட்டும் சிலிக்கோன், மற்றதோடு சேராது. ஆனால் ஆயில் மாற்றுவதையும், லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றும் ஏர் எடுப்பதையும் இப்போது தனியாகச் செய்யாதே. ஒருவர் மிதிக்க ஒருவர் காலிப்பரில் இருக்கும் நிப்பிளைத் திறக்க வேண்டிய வேலை. நான் வரும்போது சேர்ந்து செய்யலாம். நீ மிதி, நான் திறக்கிறேன்.

புதுப் பேட் உடனே முழுசாகப் பிடிக்காது. ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறை, முழுக்க நிறுத்தாதே. நடுவே ஆறவிட்டு எட்டுப் பத்துத் தடவை செய். பேட் டப்பாவில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி செய். முதலில் லேசான வாடை வரும், பயப்படாதே. ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால்தான் கவனிக்க வேண்டும். காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். கொஞ்சதூரம் ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொருமுறை சரிபார்.

காலையிலேயே ஆரம்பித்துவிடு. வெளிச்சம் போகப் போகக் கை அவசரப்படும். முதல்தடவை எனக்கு ஒருபக்கத்துக்கே மூன்று மணி நேரம் ஆனது.

கழற்றியதும் பழைய பேட் நாலையும் வரிசையாக வைத்து, எது உள்ளே, எது வெளியே என்று சுண்ணாம்புக் கட்டியால் பக்கத்தில் எழுதி, ஒரு படம் எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா