தலைக்கட்டு நோட்டு

அன்புள்ள பங்காளி,

கரைவீட்டு அத்தை போய்விட்டார். விடியற்காலையில், தூக்கத்திலேயே. வயது 92. பதினாறாம் நாள் காரியம் நேற்றுதான் முடிந்தது. போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. அதோடு, தை மாதம் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். மார்ச் மாதம் இங்கே பர்மாவில் நிலநடுக்கம் வந்த அன்று நீ பதறிக் கேட்டபோதும் "நலம்" என்று ஒரே வார்த்தைதான் அனுப்பினேன். அந்தக் கடனும் பாக்கி இருக்கிறது.

தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்ததா? பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாளா? இங்கே எல்லோரும் நலம். என் மூத்த பேரன் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"அந்த ஊரில் இனி யார்தான் இருக்கிறார்கள்? நீயும் கிளம்பி வந்துவிடேன்" என்றாய். நீ அன்பில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனாலும் சுருக்கென்றது. யார் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லிவிடுவோம் என்றுதான் கோயிலுக்கு வரி கட்டுகிற குடும்பத் தலைவர்கள் பெயரெல்லாம் எழுதிய தலைக்கட்டு நோட்டைக் கையில் எடுத்தேன். எழுதுகிற பொறுப்பு போன வருடத்திலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. எடுத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று புரிந்தது.

அத்தையிடம் தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். கண் தெரியாது, ஆனால் வீடுகளின் வரிசை அப்படியே நினைவில் இருந்தது. கரை முனையில் தொடங்கி, கிணறு, புளியமரம், நெல் களம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். எந்த வீட்டில் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், தஞ்சாவூர்ப் பக்கமா ராமநாதபுரம் பக்கமா, யார் வீட்டுப் பெண் எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று எல்லாம் வரும். ஒரு நாளைக்கு இரண்டு வீடு. அதற்கு மேல் போனால் அழுதுவிடுவார். நாற்பது பக்க நோட்டு ஒன்று தீர்ந்து அடுத்ததைத் தொடங்கினேன். உங்கள் வரிசை வருவதற்குள் போய்விட்டார்.

நாம் சின்ன வயதில் இந்த ஊர் ஆதிகாலத்திலிருந்தே இருப்பதாக நினைத்தோம் இல்லையா? அப்படி இல்லை. நம் பக்கத்துத் துறைமுக ஊரான சிரியம்தான் பழையது. பிலிப் டி பிரிட்டோ என்ற போர்ச்சுக்கீசியன் 1613 வரை அங்கே ராஜா மாதிரி இருந்து, கடைசியில் கழுவேற்றப்பட்டான். 1756இல் பர்மிய ராஜா அலவுங்பயா வந்து துறைமுகத்தையே அழித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நம் பக்கமெல்லாம் சேறும் காடும்தான். 1852இல் வெள்ளைக்காரன் கீழ்ப் பர்மாவைப் பிடித்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐரோப்பாவுக்கு அரிசி கப்பலேறியது. 1850களில் கீழ்ப் பர்மாவில் நெல் விளைந்தது 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் 80 லட்சம் ஏக்கருக்கு மேல். அந்தச் சேற்றை வயலாக்கியதில் பர்மியர் கையும் உண்டு, நம் ஆட்கள் கையும் உண்டு. மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த கூலிகள், நாகப்பட்டினத்திலும் மதராசிலும் கப்பலேறியவர்கள். உன் கொள்ளுத்தாத்தா அறுவடைக்கு வந்தார், என் கொள்ளுத்தாத்தா கரை போட வந்தார். அறுவடை முடிந்ததும் ரங்கூன் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போவார்கள். வயலுக்கும் ஆலைக்கும் நடுவில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், தங்குவதற்குப் போட்ட குடிசைகள்தான் நம் ஊர். அத்தையின் மாமனார் சொல்வாராம், "நாம ஊருக்கு வரலை, நாம தங்கின இடம் ஊராச்சு" என்று.

1931 கணக்கெடுப்பைப் பார். பர்மா முழுவதும் இந்தியர் 10,17,825 பேர். ரங்கூனின் மொத்த ஜனத்தொகை 4,00,415. அதில் இந்தியர் 2,12,929. பாதிக்கு மேல்! அந்தக் காலத்தில் ரங்கூன் துறைமுகத்தில் தமிழும் தெலுங்கும் தெரிந்தால் போதும் என்று என் அப்பா சொன்னது வெறும் பெருமை இல்லை. ஆனால் அந்தக் கணக்கே நமக்கு வினையாகவும் ஆனது. 1930 மே மாதம் துறைமுகத்தில் கூலி வேலைக்காக நம்மவர்களுக்கும் பர்மியருக்கும் கலவரம். அதே சமயம் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலமெல்லாம் செட்டியார்கள் கைக்குப் போனது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் 1930இல் இருந்தது 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம். நம் ஊரில் செட்டியார் ஒருவரும் இல்லை, நம்மவர்களில் பாதிப்பேர் அவர்களிடம் கடன்பட்டவர்கள். ஆனாலும் கோபம் வந்தபோது, கலா (இந்தியனை அவர்கள் சொல்கிற பெயர்) என்றால் எல்லோரும் கலாதான். நிலம் பறிகொடுத்தவன் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தையும் சொன்னதில்லை.

1942 அவருக்கு ஒன்பது வயது. சிரியம் எண்ணெய் ஆலையை வெள்ளைக்காரனே கொளுத்திவிட்டுப் போனான், ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாதென்று. நாள் கணக்கில் கறுப்புப் புகை. மத்தியானத்தில் விளக்கேற்றினோம் என்றார். அந்த வருடம் பர்மாவிலிருந்து நாலைந்து லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள், பெரும்பாலோர் கால்நடையாக, அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு யாரிடமும் இல்லை. அத்தையின் இரண்டு சித்தப்பாக்கள் கிளம்பினார்கள். ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. நோட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே என்ன போடட்டும் என்று கேட்டேன். "நடந்தார்கள் என்று போடு" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

அப்புறம் நம் காலம். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த அன்று உன் அப்பா உளுந்து விற்ற பணத்தைத் திண்ணையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு நேற்றுப் பார்த்த மாதிரி இருக்கிறது. கடைகளெல்லாம் அரசுடைமை, பிறகு பள்ளிக்கூடங்களும். நான்கைந்து வருடத்தில் நாட்டை விட்டுப் போன இந்தியர் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் நீயும் ஒருவன், 12 வயதில், என் பம்பரத்தையும் எடுத்துக்கொண்டு. திருப்பித் தருவதாகச் சொன்னாய், இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டில் ஏன் போகவில்லை என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். பாட்டி மாட்டேன் என்றார், அவ்வளவுதான். தாத்தாவைப் புதைத்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கிழவியின் பிடிவாதத்தில்தான் நான் இங்கே, நீ வியாசர்பாடியில்.

அதற்குப் பிறகு ஊர் குறைந்ததா? அதுதான் வேடிக்கை, ஊர் பெருத்தது. 1993இல் சிரியம் பாலம் திறந்தார்கள். நாம் சம்பானில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த ஆற்றைப் பேருந்தில் கடக்கலாம் என்றானது. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவையே துடைத்துவிட்டுப் போனபோது, பிழைத்தவர்கள் பலர் நகரத்துப் பக்கம் வந்தார்கள். நம் ஊரிலும் சில குடும்பங்கள் தங்கிவிட்டன. களத்தோரம் நின்ற தூங்குமூஞ்சி மரம் அந்தப் புயலில்தான் விழுந்தது. 2015இல் திலவா பொருளாதார மண்டலம் தொடங்கியதும் ஆலை வேலைக்கு நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் வந்தார்கள். நாம் பட்டம் விட்ட வயலில் அவர்கள் தங்கும் அறைகள் வரிசையாக நிற்கின்றன. சிரியம் வட்டாரம் 2014 கணக்கிலேயே இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அந்த 2014 கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பள்ளிக்கூட டீச்சர், சின்னப் பெண். மரியாதையாகக் கேட்டாள். "தாத்தா, எந்த இனம்?" தமிழன் என்றேன். பட்டியலில் 135 இனம் இருக்கிறது, நாம் இல்லை. புரட்டிப் பார்த்துவிட்டு, அவளுக்கே சங்கடம், "பிற" என்று குறித்தாள். அந்த இனக் கணக்கை இன்றுவரை வெளியிடவில்லை. மதக் கணக்கு மட்டும் 2016இல் வந்தது: இந்துக்கள் 2,52,763, அதாவது 0.5 சதவீதம். அதற்குள் தெலுங்கர், ஒரியர், நேபாளிகள் எல்லோரும் அடக்கம். தொழுகைக்குப் போகிற தமிழரும் மாதா கோயிலுக்குப் போகிற தமிழரும் அதில் வரமாட்டார்கள். ஆக, "யார் இருக்கிறார்கள்" என்ற உன் கேள்விக்கு அரசாங்கத்திடமும் பதில் இல்லை பங்காளி. குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்னால் இருந்தவர்களைத் தேடுகிறது; நம் கொள்ளுத்தாத்தா அப்போது பிறக்கவே இல்லை. என் பிள்ளைக்கு அட்டை வாங்க ஓர் அலுவலகத்துக்கு எத்தனை வருடம் அலைந்தேன் என்று உனக்குத் தெரியும்.

அதனால்தான் கோயில் நோட்டு எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாமே நம்மை எண்ணுகிற ஒரே கணக்கு அது. அதில்தான் இப்போது சண்டை.

மேஸ்திரி வீட்டுக் கடைசிப் பெண் பர்மியரைக் கட்டியவள், நினைவிருக்கிறதா? அவள் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர், நம் எல்லோர் வீட்டிலும் போலத்தான். பகோடாவுக்கும் போவான், பங்குனியில் விரதமிருந்து தீயும் மிதிப்பான். தமிழ் அரைகுறை. போன கூட்டத்தில் அவன் தலைக்கட்டு வரியைக் கொண்டுவந்து வைத்தான். மூன்று பெரியவர்கள் வாங்கக் கூடாது என்றார்கள். அப்பன் வழியில்தான் தலைக்கட்டு, பெண் வழியில் கிடையாது என்பது அவர்கள் வாதம். நான் எழுந்து நின்று கேட்டேன்: அரசாங்கம் நம்மை "பிற" என்று எழுதியது, இப்போது நாமும் இவனை "பிற" என்று எழுதப் போகிறோமா? கை நடுங்கியது. அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனைப் பார்க்க முடியவில்லை.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து 18 வயதிலிருந்து 35 வரை உள்ள பையன்களைப் பெற்றவர்கள் தூங்குவதில்லை. முடிந்தவர்கள் அனுப்பிவிட்டார்கள், என் வீட்டையும் சேர்த்து. கரகம் தூக்க ஆளில்லாமல் இருக்கிறோம். இருக்கிற ஒரு பையனை வாசலில் நிறுத்திவிட்டு யாரை எண்ணப் போகிறோம்? பழைய நோட்டில் தலைக்கட்டுப் பெயர்கள் மூன்று பக்கம் ஓடும். இப்போது ஒரு பக்கம் நிறையவில்லை.

முடிவைச் சொல்லி வைத்தது அத்தைதான். மறுநாள் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பெரியவர்களில் இரண்டு பேருக்குப் பிரசவம் பார்த்தவர் அவர் மாமியார். "உங்க ஆத்தாமாருங்க வந்தப்ப அவங்களுக்கு யாருடா தலைக்கட்டு எழுதினது? எழுது அவன் பேரை" என்றார். யாரும் எதுவும் பேசவில்லை. எழுதினேன். அதற்குப் பிறகு எட்டே நாள்தான் இருந்தார். பாடை தூக்கிய நாலு பேரில் அவனும் ஒருவன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். கிணற்றுக்கு மேற்கே உள்ள வரிசை முழுவதும் நோட்டில் காலியாக இருக்கிறது. அந்த வரிசையில் இருந்தவர்களில் நினைவோடு மிஞ்சியிருப்பது நீ மட்டும்தான். 12 வயதுப் பையனுக்கு என்ன நினைவிருக்கும் என்று தட்டிக்கழிக்காதே. கியாக்டான் ஆற்றுக்கோயிலில் கெளுத்தி மீனுக்குப் பொரி போடப் போய்ச் செருப்பைப் போட்டவன் நீ, அது நினைவிருந்தால் எல்லாம் நினைவிருக்கும். எந்த வீடு யாருடையது, யார் எந்த வருடம் கப்பலேறினார்கள், அங்கே போய் எங்கே இருக்கிறார்கள் என்று வீடு வீடாக எழுது. பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டே வா, அவள் எழுதட்டும். உங்கள் வீட்டை அப்பா கட்டினாரா, வாங்கினாரா என்பதையும் மறக்காமல் எழுது.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் கண் ஆபரேஷனுக்கு வருகிறார், மூன்று வாரம் சென்னையில் இருப்பார். பதிலை அவரிடமே கொடுத்துவிடு. உன் பெயரையும் தலைக்கட்டு நோட்டில் எழுதிவிட்டேன், பாக்கி 1965லிருந்து. பம்பரத்தையும் சேர்த்து அனுப்பு.

உன் பங்காளி