நெல் விளைச்சல் போட்டி: ஈரமும் செலவும் கணக்கில் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருந்திய நெல் சாகுபடியில் மாநில அளவில் அதிக விளைச்சல் எடுப்பவருக்கு, விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பெயரால் 5 லட்சம் ரூபாய் பரிசு வழங்கப்படுகிறது. இப்படி ஒரு போட்டி கட்டாயம் வேண்டும். இந்த முறையில் ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை போதும், 14 நாள் நாற்றைக் குத்துக்கு (நடும் இடத்துக்கு) ஒன்றாக 22.5 செ.மீ. இடைவெளியில் நடுங்கள் என்றபோது, 25 கிலோ விதைத்துப் பழகிய ஊர்களில் நம்பியவர்கள் சொற்பம். பக்கத்து வயலில் பயிர் பக்கக் கிளைகள் வெடித்துத் தூர் கட்டியதைப் பார்த்து, நாமும் அவரை மிஞ்சவேண்டும் என்று இறங்கியவர்களே அதிகம். துண்டுப்பிரசுரத்தால் ஆகாததைப் போட்டி செய்தது.

ஆனால் 'ஏக்கருக்கு இத்தனை கிலோ' என்பது மட்டுமே செய்தியாவதுதான் குறை. 50 சென்ட்டில் அறுத்த நெல் 2,000 கிலோ, ஈரப்பதம் 22 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த நெல்லுக்குரிய 14 சதவீத ஈரத்துக்குக் கணக்கிட்டால் (2,000 × 78 ÷ 86) அது 1,814 கிலோதான். ஏக்கருக்கு 372 கிலோ, அதாவது ஆறு மூட்டைக்கு மேல், வெறும் தண்ணீர்! காலைப் பனி காயுமுன் அறுத்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

ஒரு சிறு துண்டை அறுத்து விளைச்சலை மதிப்பிடும் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டும்போதும் இதே கவனம் தேவை. ஒரு வரிசை கூடுதலாக உள்ளே வந்தால் பரப்பு 4.5 சதவீதம் ஏறிவிடும். அந்தத் துண்டின் எடையை ஏக்கருக்கு மாற்ற ஏறத்தாழ 162-ஆல் பெருக்குகிறோம். ஒரு கிலோ பிழை 162 கிலோவாகிவிடும். வரப்போரக் குத்துகளுக்கு வெயில் அதிகம், மணியும் அதிகம். அவற்றைத் தவிர்த்தே துண்டு தேர்வாக வேண்டும்.

எடை ஒன்றுக்கே பரிசு என்றால் யூரியா மூட்டையின் மேல்தான் கை போகும். அதிலுள்ள தழைச்சத்து மிஞ்சினால் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும், பால் பிடிக்கும் நேரத்து மழையில் பயிர் சாயும். இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையை அறியும் இலை வண்ண அட்டையில் வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3, பிற ரகங்களுக்கு 4 என்ற நிறத்துக்குக் கீழே இறங்கினால் மட்டுமே மேலுரம் இட்டவரும், மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்ட பிறகே 2.5 செ.மீ. தண்ணீர் கட்டியவரும், பத்து நாளுக்கொரு முறை கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியை உருட்டியவரும் இரண்டு மூட்டை குறைவாக எடுத்தாலும் கையில் மிச்சம் பார்த்திருப்பார்கள். அவர்களை இந்தப் போட்டி கண்டுகொள்வதில்லை.

110 நாள் நெல் ரகமான ஆடுதுறை 43-ஐயும் 155 நாள் ரகமான சி.ஆர். 1009-ஐயும் ஒரே தட்டில் நிறுத்துவதும் சரியல்ல. குறுகிய கால, நீண்ட கால ரகங்களுக்குத் தனித்தனிப் பரிசு வேண்டும். குவிண்டாலுக்கு ஆன செலவுக்கும் மோட்டார் ஓடிய மணி நேரத்துக்கும் மதிப்பெண் வேண்டும். வெற்றி பெற்றவரின் ரகம், விதைத்த தேதி, உர அளவு, கூலி, அறுவடை நாளின் ஈரப்பதம் ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிட்டு, நாற்று விடும் பருவத்துக்கு முன்பே வேளாண் விரிவாக்க மையங்களில் ஒட்ட வேண்டுமென வேளாண் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

நெல் விவசாயி,
மன்னார்குடி வட்டம்.