ஒரே ஒரு பாதையும் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளும்

கனடாவின் வடமேற்குப் பிராந்தியங்களில் காலநிலை மாற்றத்துக்கெனத் திட்டம் தீட்டுகின்ற அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

இந்தப் பிராந்தியத்துக்கு 11 அலுவல் மொழிகள். தமிழ் அதில் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் மூன்று தரம் எழுதியாயிற்று. இதை யாராவது உங்களுக்கு மொழிபெயர்த்துத் தருவார்கள். அதுவரைக்கும் என் ஆட்களாவது வாசிக்கட்டும்.

போன கிழமை எங்கள் தலைநகர் யெலோநைவில் ஒரு கலந்தாய்வுக் கூட்டத்துக்குப் போனேன். கூட்டியது யார் என்று எழுதப்போவதில்லை, அங்கே நின்ற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். சுவர் முழுக்க வண்ண அட்டைகள், மேசையில் கோப்பி, வாசலில் ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாள். "காலநிலை மாற்றத்தைப் பற்றி உங்களுடைய பெரிய கவலை எது? எழுதி ஒட்டுங்கள்" என்றார்கள். நான் எழுதினேன்: "3ஆம் நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டால் நாங்கள் எப்படி வெளியேறுவது?" அந்தப் பிள்ளை வாங்கி வாசித்து, "போக்குவரத்து" என்ற அட்டையின் கீழே பக்குவமாக ஒட்டினார். பக்கத்தில் அதே கேள்வியோடு ஏற்கெனவே இரண்டு தாள்கள் இருந்தன. பதில் எப்போது வரும் என்று கேட்டேன். "நாங்கள் இப்போது கவலைகளைத் திரட்டும் கட்டத்தில்தான் இருக்கிறோம்" என்றார்.

என் கவலையை நான் 2023இலேயே திரட்டி முடித்துவிட்டேன்.

காட்டுத்தீ நகரை நெருங்கிய அந்த ஓகஸ்ட் 16 பின்னேரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏறக்குறைய 20,000 பேர். 18ஆம் திகதி மதியத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. கார் இல்லாதவர்கள் விமானத்துக்கு வரிசையில் நின்றார்கள். மற்றவர்கள் எல்லாருக்கும் ஒரே பாதை. கிழக்கே போகிற 4ஆம் நெடுஞ்சாலை ஏரிக்கரையில் முடிந்துவிடும். தெற்கே போக 3ஆம் நெடுஞ்சாலையை விட்டால் வேறு வழியில்லை.

நாங்கள் 17ஆம் திகதி புறப்பட்டோம். பின் இருக்கையில் அம்மா, மடியில் பாஸ்போட்டும் மருந்துப் பையும். யாழ்ப்பாணத்திலிருந்து 95 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தடியால் நடந்து வந்தவர் அவர். பிற்பகல் மூன்று மணிக்கே வானம் துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் இருந்தது. எல்லாக் கார்களும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.

"இதில எத்தினை பாதையடா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்டுதான் அம்மா."

"அண்டைக்கும் ஒண்டுதான்."

அதற்குப் பிறகு எட்மன்ரன் வரை, கிட்டத்தட்ட 1,450 கிலோமீற்றர், அவர் அதிகம் பேசவில்லை. ஷெல்லுக்கும் காட்டுத்தீக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். இங்கே எங்களை யாரும் துரத்தவில்லை. வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் தண்ணீரும் சாப்பாடும் தந்தார்கள். ஆனாலும் அந்த "ஒண்டுதான்" என் காதை விட்டுப் போகவில்லை.

பெச்சோக்கோவுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது. அந்தப் பகுதிச் சாலையில் நீங்களும் ஓடியிருப்பீர்கள். கடலில் வள்ளம் போவது போலக் கார் ஏறி இறங்கும். ஒரு பள்ளத்தில் எங்களுக்கு நாலைந்து கார் முன்னே போன ரக்கின் கொளுக்கி கழன்று, பின்னால் இழுத்து வந்த ரெயிலர் சாலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. அவர் பாரம் கூட ஏற்றியிருந்தார். பிழை அவருடையதுதான், சாலை மேலோ அரசு மேலோ பழியைப் போடவில்லை. ஆறேழு பேர் இறங்கி, சட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு அதைத் தள்ளி ஓரத்தில் விட முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. அதுவரையும் எங்களுக்குப் பின்னால் ஒரு நகரமே நின்றது. ஒரு கொளுக்கி கழன்றதற்கே இப்படி. காற்று அன்றைக்குக் கொஞ்சம் வேறு பக்கம் அடித்திருந்தால்? யூலைக் கடைசியில் இதே சாலையோரத்தில்தான் தீ வந்து, பெச்சோக்கோ மக்கள் ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்தது.

சாலை ஏன் அப்படி அலைபோல இருக்கிறது என்பதும் உங்கள் பொறியியலாளர்களுக்கு மனப்பாடம். பாறை, களிமண், பாறை, களிமண் என்று மாறிமாறிக் கிடக்கிற நிலம். பாறைக்கு ஒன்றும் ஆகாது. களிமண்ணுக்குள் பனிக்கட்டி இருக்கிறது. அது உருகினால் மேலே போட்ட சாலை தாழும். மரத்தையும் பாசியையும் வழித்துவிட்டுச் சாலை போட்டோம், அது நிலத்தின் போர்வை. கறுப்புத் தார் கோடையில் வெயிலைக் குடிக்கிறது. மாரியில் ஒதுக்கிவிட்ட பனி ஓரங்களில் குவிந்து, குளிர் நிலத்துக்குள் இறங்க விடாமல் தடுக்கிறது. கரையோரத்தில் தேங்கும் தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. வட கனடாவின் சராசரி வெப்பநிலை 1948இலிருந்து 2016க்குள் 2.3 பாகை உயர்ந்துவிட்டது என்று மத்திய அரசின் 2019 அறிக்கையே சொல்கிறது. ஆக, காடு எரியும்போது நாங்கள் தப்பி ஓட வேண்டிய ஒரே பாதையையும் அதே வெப்பம் அடியிலிருந்து தின்றுகொண்டிருக்கிறது. இரண்டையும் இரண்டு வேறு அட்டையில் ஒட்டினால் இது தெரியாது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். ஒரே பாதை உள்ள ஊர், பாதையே இல்லாத ஊர், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதித் தாருங்கள். அந்தப் பாதை போனால் மக்கள் எப்படி வெளியேறுவார்கள், எரிபொருளும் சாப்பாடும் எப்படி உள்ளே வரும், அதற்கான வேலை எந்தத் திகதிக்குள் முடியும், எவ்வளவு செலவு, பொறுப்பு யார். திகதி, தொகை, பொறுப்பாளர். இந்த மூன்றும் இல்லாத தாள் வேண்டாம்.

இது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. 2017 ஒக்ரோபரில் கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் உங்கள் காலநிலை வேலைகளை ஆராய்ந்து, சுற்றாடல் திணைக்களம் தலைமை தாங்கி நடத்த வேண்டியதை நடத்தவில்லை என்று எழுதினார். அதன் பிறகு நீங்கள் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2018இல் 2030 வரைக்குமான உத்திச் சட்டகம் வந்தது. அடுத்த வருடம் செயற்திட்டம் வந்தது. அதன் அட்டையில் உள்ள காலம் 2019–2023. செயற்திட்டத்தின் கடைசி வருடத்தில் பிராந்தியத்தின் மக்களில் பெரும்பகுதி வீட்டை விட்டு வெளியே நின்றார்கள், என்ரபிறைஸ் என்ற சின்ன ஊரில் பெரும்பாலான கட்டடங்கள் சாம்பலாயின. திட்டம் முடிகிற திகதியைத் துல்லியமாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.

ஹே ரிவர் சனங்களைக் கேட்டுப் பாருங்கள். 2022 மே மாதம் வெள்ளம், 2023 மே மாதம் தீ, அதே ஓகஸ்டில் மறுபடியும் தீ. பதினாறு மாதத்துக்குள் மூன்று தரம் மூட்டை கட்டினவர்களிடம் போய் ஒட்டுத்தாளை நீட்ட எனக்கென்றால் துணிவு வராது. 2024இல் மக்கென்சி ஆற்றில் தண்ணீர் வற்றி, நோர்மன் வெல்ஸுக்குத் தட்டைப் படகு போகவில்லை. வீடு சூடாக்கும் எண்ணெய் விமானத்தில் போனது. 1920இல் எண்ணெய் கண்டுபிடித்த ஊருக்கு, வெளியூரிலிருந்து, வானத்தால் எண்ணெய்! வேறு நாட்டில் நடந்திருந்தால் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அங்கே எண்ணெய்ச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்த கிழவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. ருக்ரோயாக்ருக் என்ற கடற்கரை ஊரில் கடல் கரையைத் தின்னத் தின்ன, 2020இல் சில வீடுகளைத் தூக்கி உள்ளே நகர்த்தினார்கள். அடுத்த வரிசை வீடுகளின் முறை எப்போது என்று அங்கே கேட்கிறவர்களுக்கும் இந்த மூன்று சொல்தான் தேவை. திகதி, தொகை, பொறுப்பாளர்.

கோபத்தில் கை கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். நகரத்தைக் காப்பாற்றியவர்களை நான் மறக்கவில்லை. தீயணைப்பாளர்களும் புல்டோசர் ஓட்டினவர்களும் ஊரைச் சுற்றிக் காட்டை வெட்டித் தீத்தடுப்புப் பட்டை போட்டார்கள். செப்ரெம்பரில் நாங்கள் திரும்பி வந்தபோது வீடு நின்றது, அம்மாவின் கறிவேப்பிலைச் சாடி மட்டும் காய்ந்திருந்தது. அவர்களுக்கு நன்றி சொல்லும்போதே ஒன்று உறுத்துகிறது. சில நாட்களுக்குள் வெட்டி முடிக்க முடிந்த பட்டையை, அதற்கு முந்திய மாரிகளில் ஆறுதலாக வெட்டியிருக்கலாம். 2014இலும் இங்கே 30 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் எரிந்ததே.

இரண்டாவது நெடுஞ்சாலை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த நிலத்தில் அதற்கு என்ன செலவாகும், அதுவும் எத்தனை வருடத்தில் அலைபோல ஆகும் என்று எனக்கும் கொஞ்சம் விளங்கும். விமானமா, ஏரிக்கரையில் ஆட்கள் கூடுகிற இடமா, பெச்சோக்கோவில் மேலதிக எரிபொருளா, ஒரு நாள் முந்திய உத்தரவா, எதுவென்றாலும் சரி. முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள், அதற்கேற்றபடி நாங்கள் நடந்துகொள்வோம். தயவுசெய்து அடுத்த மே மாதத்துக்கு முன்னர் அந்தத் தாளை வெளியிடும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். 11 மொழிகளில் எதிலென்றாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு நான் வாசித்துச் சொல்வேன்.

அவர் இப்போதும் மருந்துப் பையைக் கதவடியில்தான் வைத்திருக்கிறார். நானும் மே தொடக்கம் செப்ரெம்பர் வரைக்கும் காரில் பெற்றோலை அரைத் தாங்கிக்குக் கீழே போக விடுவதில்லை.

இப்படிக்கு,
யெலோநைவ்வாசி ஒருவன்