அந்தச் சிலைக்காரரைப் பற்றி

அன்புள்ள கண்ணம்மா,

துனிஸில் நீ ஆபீஸுக்குப் போகிற வழியில் குதிரைமேல் இருக்கிற சிலை யாருடையது, அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டிருந்தாய். கூட வேலை பார்க்கிறவர்கள் அவர் பேரைச் சொன்னாலே சண்டைக்கு வருகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். வரத்தான் செய்வார்கள்.

அவர்தான் ஹபீப் பூர்கிபா, பிரெஞ்சு ஆட்சியிலிருந்து துனிசியா விடுதலை பெறப் போராடிய தலைவர். மொனாஸ்டிர் ஊர்க்காரர். பாரிஸில் சட்டம் படித்துவிட்டு வந்து, 1934இல் நியோ டெஸ்தூர் என்கிற விடுதலைக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பாலைவன முகாம், மார்சேய் கோட்டை, கலீத் தீவு என்று மாற்றி மாற்றி அடைத்து வைத்தார்கள். 1955 ஜூன் 1ஆம் தேதி துனிஸுக்குப் பக்கத்திலுள்ள லா குலெத் துறைமுகத்தில் வந்திறங்கிக் குதிரையேறிப் போனார். நீ பார்க்கும் சிலை அந்த நாளுக்கானது.

1956 மார்ச் 20 விடுதலை. ஏப்ரலில் பிரதமர் ஆனார். ஆகஸ்ட் 13ஆம் தேதி குடும்பச் சட்டம் வந்துவிட்டது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, கண்ணம்மா! நாட்டில் அப்போது 'பே' என்கிற மன்னர்கூட இருந்தார். இரண்டாம் கல்யாணம் செய்தால் ஜெயில். வாயால் தலாக் சொல்லி மனைவியை அனுப்ப முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மனைவியும் விவாகரத்து கேட்டு வழக்குப் போடலாம். பெண் சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை. எல்லா மனைவியரையும் சமமாக நடத்த வேண்டும் என்று குர்ஆனே சொல்கிறது, அது எந்த மனிதனாலும் முடியாது, ஆகவே ஒருத்திதான் என்று வாதாடினார். சொத்தில் மட்டும் கை வைக்கவில்லை. மகளுக்கு மகன் பங்கில் பாதிதான், இன்றைக்கும்.

என்னைக் கேட்டால், பிரதமராக இருந்த அந்தப் பதினைந்து மாதத்துக்காகத்தான் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். 1957இல் குடியரசாகி ஜனாதிபதி ஆனபின் நாற்காலியை விட மனமே வரவில்லை. எதிர்த்து நின்ற பழைய தோழர் சலா பென் யூசுஃப் 1961இல் பிராங்க்பர்ட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார், அதில் பூர்கிபா அரசின் கை இருந்தது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1975இல் ஆயுள்கால ஜனாதிபதி. 1984 ஜனவரியில் ரொட்டி விலையை ஏற்றி, ஜனங்கள் தெருவுக்கு வந்து பலர் சுடப்பட்டுச் செத்தபின் ஏற்றத்தை ரத்து செய்தார்.

1987 அக்டோபரில் பென் அலியை அவரே பிரதமர் ஆக்கினார். அடுத்த மாதம் 7ஆம் தேதி விடியுமுன், மருத்துவர்கள் கையெழுத்திட்ட ஒரு காகிதத்தை வைத்து, ஆள முடியாத முதியவர் என்று அதே பென் அலி அவரை இறக்கிவிட்டார். அப்புறம் 2000இல் சாகும்வரை மொனாஸ்டிரில் காவலுக்குள்தான் வாழ்க்கை. சிலையையும் லா குலெத்துக்குத் தூக்கிப் போனார்கள். 2016இல்தான் பழைய இடத்துக்கு வந்தது.

நீ குடியிருக்கிற வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுப் பார்: அவர் பாட்டிக்குக் கல்யாணம் 1956க்கு முன்னாலா, பின்னாலா? பாட்டியை யாராவது சம்மதம் கேட்டார்களா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா