ஃபினாலே மலைப்பாதைகள்: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இத்தாலியின் ஃபினாலே லிகுரே பற்றி வந்த பயணக் கட்டுரையின் படங்கள் அழகு. மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்கள் பல நாடுகளிலிருந்தும் தேடிப்போகும் கடலோர ஊர் அது. 2013இல் தொடங்கிய என்டியூரோ (இறக்கப் பகுதிகளின் நேரத்தை மட்டும் கணக்கிடும் மவுண்டன் பைக் போட்டி) உலகத் தொடரின் முதல் ஆண்டு இறுதிச் சுற்று அங்கேதான் நடந்தது. ஆனால் ‘கோடையில் போங்கள், வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுங்கள், ரோமானியப் பாலங்களின் மேல் ஓட்டி மகிழுங்கள்’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிக் கிளம்பினால் முதல் நாளே கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டி வரலாம்.

வாடகை சைக்கிளிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் முன் பிரேக் வலது கைக்கு. அங்கே வாடகைக்குத் தரும் மவுண்டன் பைக்குகளில் பெரும்பாலும் அது இடது கைக்கு. சமதரையில் இது பெரிய விஷயமில்லை. செங்குத்தான இறக்கத்தில் பதறும்போது யோசிக்க நேரமிருக்காது, பழகிய விரல்தான் இழுக்கும். பின் பிரேக் என்ற நினைப்பில் இடது லீவரை இறுக்கினால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் மாற்றித் தரும் கடைகள் உண்டு. சில லீவர்கள் இரு கைக்கும் பொருந்தும். கிளாம்பைத் தளர்த்தி இடம் மாற்றினால் வேலை முடிந்தது. மற்றவற்றில் பிரேக்கின் எண்ணெய்க் குழாயைக் கழற்றி மாட்ட வேண்டும். கழற்றினால் காற்று புகும், அதை வெளியேற்ற வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். மலைமேல் ஏற்றிவிடும் வேன் கிளம்பும் காலையில் போய்க் கேட்டால் நடக்காது. மாற்ற வழியில்லையென்றால் ஏதாவது வண்டி நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் எட்டு போட்டு, ஒவ்வொரு லீவரையும் தனித்தனியாக இழுத்துப் பழகிவிட்டு மலையேறுங்கள்.

அடுத்து கல். ஃபினாலேயின் தாழ்வான பாதைகள் பலவும் சிப்பித் துணுக்குகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் மேல் ஓடுகின்றன. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, பொந்து பொந்தாக இருக்கும். உலர்ந்திருக்கையில் உப்புத்தாள் மாதிரி டயரைப் பிடித்துக்கொள்ளும். மழை பெய்தால், சக்கரங்கள் தேய்த்து மழமழப்பாக்கிய இடங்களில் செம்மண் சேறு மெல்லிசாகப் படிந்து சோப்புத் தரையாகிவிடும். கட்டுரை சொல்லும் கோடையிலோ அதே செம்மண் பொடியாகி, கல்மேல் கடுகு கொட்டினது போலக் கிடக்கும். வளைவில் முன் சக்கரம் சொல்லாமல் நழுவும். வெயிலும் சேர்ந்துகொள்ளும். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர் முதற்பாதி. இவைதான் ஓட்டத் தோதான மாதங்கள்.

பொந்துக் கல்லின் விளிம்புகள் கூர்மையானவை. அங்கே பஞ்சர் இரண்டு விதம். ஒன்று, காற்று குறைவாக இருந்து டயர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்குவது. இன்னொன்று பக்கச்சுவர் கிழிவது. டியூப் இல்லாத டயர், 2.4 அல்லது 2.5 அங்குல அகலம், தடித்த பக்கச்சுவர் என்று கேட்டு வாங்குங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்குக் காற்றழுத்தம் முன்னால் 22–23 பிஎஸ்ஐ, பின்னால் 25–26 சரியாக இருக்கும். பயந்துபோய் 35 அடித்தால் பஞ்சர் குறையும், பிடிப்பும் போய்விடும். ஒவ்வொரு டயருக்குள்ளும் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் 100–120 மி.லி. வேண்டும். அது சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும் என்பதால், சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பார்த்து, தளும்பும் சத்தம் கேட்கவில்லையென்றால் ஊற்றச் சொல்லுங்கள். நடுப்பகுதியில் சிறு ஓட்டை என்றால் ரப்பர் திரி சொருகினால் நிற்கும். பக்கச்சுவர்க் கிழிசலில் திரி நிற்காது. உள்ளே ஒரு துண்டு பழைய டயரை ஒட்டுப்போல வைத்து, டியூப் போட்டுத்தான் ஊர் சேர வேண்டும். ஆகவே பையில் ஒரு டியூபும் கைபம்பும் கட்டாயம்.

பலரும் வேனில் ஏறி, ‘நேட்டோ தளம்’ என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் இறங்குவார்கள். பனிப்போர்க் காலத்துத் தகவல் தொடர்பு நிலையம், இப்போது பாழடைந்து கிடக்கிறது. (ஃபினாலேயின் இடிபாடுகள் எல்லாமே ரோமானியர் விட்டுப்போனவை அல்ல.) உயரம் சுமார் 1,000 மீட்டர், கீழே கடல். 70 கிலோ ஆளும் 15 கிலோ சைக்கிளும் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் காணும். அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது இரண்டு மெல்லிய டிஸ்க் பிரேக் தட்டுகள். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்குகிறவர்களுக்குப் பாதி வழியில் பிரேக் பேட் மேற்பரப்பு கண்ணாடியாகிப் பிடிப்பு போகும். பிரேக் எண்ணெய் கொதித்தால் லீவர் ஹேண்டில்வரை வந்தும் பிரேக் பிடிக்காது. வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுக்க விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் தட்டு ஆறும். 200 மி.மீ. தட்டும் உலோகத் தூள் பேட்களும் உள்ள சைக்கிளாகக் கேளுங்கள். மேலே பீச் மரக் காடு. மழை நின்று இரண்டு நாளானாலும் அந்த நிழலில் வேர்கள் ஈரமாகவே இருக்கும். கீழே கல் உலர்ந்திருப்பதைப் பார்த்து மேலேயும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம்.

இனி பாலங்கள். கட்டுரையில் என்னை அதிகம் உறுத்தியது இந்தப் பகுதிதான். கி.மு. 13இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் தொடங்கப்பட்ட யூலியா அகஸ்டா நெடுஞ்சாலை இங்கே கடலோரமாகப் போக முடியவில்லை. நோலி முனையில் பாறை நேராகக் கடலில் இறங்குகிறது. ஆகவே சாலையை உள்ளே திருப்பி, போன்சி பள்ளத்தாக்கு வழியாக மானியே மேட்டுநிலத்துக்கு ஏற்றினார்கள். ஓடையைத் தாண்ட வேண்டிய இடங்களில் ஐந்து பாலங்கள் கட்டினார்கள். பிற்காலத்தில் போக்குவரத்து வேறு வழிகளுக்குப் போய்விட, இவை காட்டுக்குள் தங்கிவிட்டன. நன்றாக நிற்பது தேவதைகளின் பாலம். மற்றவற்றில் ஒன்றுக்கு ஊமைப் பாலம் என்றும் இன்னொன்றுக்குச் செவிட்டுப் பாலம் என்றும் பெயர்; செவிட்டுப் பாலத்தில் மிச்சம் குறைவு. அந்த ஊர்க் கல்லையே வெட்டிக் கட்டியவை அவை.

இந்தப் பள்ளத்தாக்கை ஏறும் வழியாக வைத்துக்கொள்வதே நல்லது. கால்விசியோ, வெர்சி என்ற சிற்றூர்களைத் தாண்டி, சிறிய கியரில் நிதானமாக மானியேவுக்கு ஏறலாம். நடப்பவர்களும் குழந்தைகளும் வரும் வழி அது. பாலத்தின் மேல் பின் சக்கரத்தைப் பூட்டி இழுத்தால் பரப்புக்கல் பெயரும். பெயர்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கி உள்ளிருக்கும் நிரப்பை அரிக்கும். கற்பாலம் சுமையைத் தாங்கும், உள்ளே இறங்கும் தண்ணீரைத் தாங்காது. ஓரச்சுவர்மேல் ஏற்றிப் படம் எடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் ஆகும் தாமதம் ஒரு நிமிடம். ஜெனோவாக்காரர்கள் 1715இல் இடித்த கவோனே கோட்டையின் கீழுள்ள கல் பாவிய சாலைக்கும் இதே யோசனைதான், அங்கே உங்கள் எலும்பை உத்தேசித்து. நனைந்த பாவுகல்லில் எந்த டயரும் நிற்காது.

ஓடை பெரும்பாலும் வறண்டிருக்கும். அதை நம்பக் கூடாது. அக்டோபர், நவம்பரில் ஃபினாலே இருக்கும் லிகுரியா மாநிலத்தில் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை உண்டு. வானிலை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிறங்களில் வரும். ஆரஞ்சு வந்துவிட்டால் பள்ளத்தாக்குப் பக்கமே போக வேண்டாம்.

இலையுதிர் காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று. செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி முடிய இத்தாலியில் வேட்டைப் பருவம். காட்டுப்பன்றியைத் துரத்தித் துப்பாக்கியோடு ஆட்கள் புதருக்குள் இருப்பார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி செவ்வாயும் வெள்ளியும் வேட்டை கூடாது. அதிகம் ஆள் போகாத பாதைகளை அந்த இரண்டு நாள்களுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாள்களில் பளிச்சென்ற நிறச் சட்டையோடு, வேன்கள் போகும் வழக்கமான பாதைகளில் ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்