கிராம சபைகள் தீர்மானித்த ஏரிக்கரைச் சாலைக்கு நிதியும் பேருந்தும் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்
அனுப்புநர்: ஏரிக்கரைச் சாலையை நம்பியுள்ள மூன்று ஊராட்சிகளின் வாக்காளர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கு முதல் நெடுஞ்சாலைப் பிரிவு வரையுள்ள ஏரிக்கரைச் சாலையைத் தாங்கள் சென்ற மழைக்காலத்தில் நேரில் பார்வையிட்டதால் அதன் நிலையை விளக்க வேண்டியதில்லை. அதைத் தார்ச்சாலையாக்கி, காலையும் மாலையும் பேருந்து இயக்கக் கோரி மூன்று கிராம சபைகளும் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பின. குறைதீர்க்கும் நாளில் அளித்த மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டைத் தவிர வேறு பதில் வராததால், மீண்டும் பணிந்து எழுதுகிறோம்.

1. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். ஊராட்சியின் திட்டங்களுக்கு ஒப்புதல் தருவதும் அச்சபையே. 2025 ஜனவரியில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பேற்றார். ஆயினும் எங்கள் தீர்மானம் காலாவதியாகிவிடவில்லை.

2. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில், பேருந்து ஓடாத சாலைக்கு நிதியில் முன்னுரிமை இல்லை என்கிறார்கள். பேருந்துப் பணிமனையில், சாலை சரியில்லாத ஊருக்குத் தடம் ஒதுக்க இயலாது என்கிறார்கள். கரை நீர்வளத் துறையுடையது, தடையின்மைச் சான்று வேண்டும் என்பது மூன்றாவது பதில். மூன்று துறையினரையும் ஒரே நாளில் அழைத்துப் பேச வைக்கத் தங்களால் மட்டுமே முடியும்.

3. எல்லாவற்றிலும் வலிப்பது பெண்பிள்ளைகளின் நிலை. மேல்நிலைப் பள்ளி நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கிறது. பொதுத்தேர்வுக்கான சிறப்பு வகுப்பு முடிந்து அவர்கள் திரும்பும்போது இருட்டிவிடுகிறது. தெருவிளக்கோ ஐயனார் கோயிலோடு நின்றுவிடுகிறது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வயலுக்குச் சரியும் கரை, நடுவில் ஜல்லி பெயர்ந்த பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டிதான். ஓட்டுவதற்குச் சாலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கலிங்கு வழிந்தால் பாதையே மூழ்கிவிடும். புத்தகப் பையைத் தலையில் சுமந்து, முழங்கால் தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கடக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு மகளை நிறுத்திவிட்ட பெற்றோரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம்தான், பேருந்தே வராத ஊரில் அந்தச் சலுகையை எதில் ஏறி அனுபவிப்பது, ஐயா?

4. "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் இனி வேண்டாம்.

முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்திலோ வேறு தகுந்த நிதியிலோ இச்சாலையைச் சேர்க்குமாறும், பணி முடியும்வரை கலிங்கில் தற்காலிகக் குழாய்ப் பாலமும் கரையில் விளக்குகளும் அமைக்குமாறும், பள்ளி நேரத்துக்கு ஒரு சிற்றுந்தாவது இயக்க ஆவன செய்யுமாறும் மன்றாடுகிறோம். இயலாதெனில், எந்தத் துறை, எந்தக் காரணத்தால் மறுக்கிறது என்பதை எழுத்தில் தர வேண்டும்; அடுத்த கிராம சபையில் அதை வாசிக்க வேண்டியிருக்கிறது. சாலையைப் போட்டுத் தாருங்கள், ஐயா.

இணைப்பு: மூன்று தீர்மானங்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்று ஊராட்சிகளின் வாக்காளர்கள்