எலும்பாகாத மணல்

அன்புள்ள கலா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை மட்டும் நாள் தவறாமல் போடச் சொல். ஏற்காட்டில் இப்போது காபிப் பூ. போன ஞாயிறு இருபது வளைவும் ஏறி மேலே போனபோது, பஸ் ஜன்னலில் நீ தலையை நீட்டி மோப்பம் பிடிப்பாயே, அந்த ஞாபகம்தான் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செயற்கை எலும்புத் துகள் செய்கிறவள் நீ, உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஆயுத பூஜை சமயத்தில் மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வண்டியில் விழுந்து மேல் முன்பல்லின் வேர் பிளந்துவிட்டது. எடுப்பதைத் தவிர வழியில்லை. அந்த இடத்தில் எலும்பின் வெளிச்சுவர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பல்லைப் பிடித்திருக்கும் நாரிலிருந்து வரும் ரத்தத்தை நம்பியே அதில் பெரும்பகுதி உயிரோடு இருக்கிறது. பல் போனால் அதுவும் கரையும். ஒரு வருடத்தில் அகலம் பாதி வரை குறையலாம், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடும். அதனால்தான் குழியில் செயற்கை எலும்புத் துகளை நிரப்பித் தைத்தேன். எலும்பில் உள்ள தாதுவைப் போன்ற ஹைட்ராக்ஸி அபடைட், சூளையில் நன்றாகச் சுட்ட ரகம்.

நாலு மாதத்தில் வரச் சொல்லியிருந்தேன். காபிப் பழம் பறிக்கிற காலத்தில் எஸ்டேட்டில் யார் லீவு தருவார்கள்? ஆறு மாதம் கழித்துத்தான் வந்தாள். எக்ஸ்ரேயில் குழி வெள்ளை வெளேரென்று நிறைந்திருந்தது, அகலமும் குறையவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். திறந்து ட்ரில்லை இறக்கினால் ரத்தமே கசியவில்லை, கரகரவென்று மணல். அடியில் கொஞ்சம்தான் எலும்பு. செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகான இம்ப்ளாண்டை அதில் வைக்க மனம் வரவில்லை. தளர்ந்த துகளைச் சுரண்டி எடுத்து, அவள் ரத்தத்தையே சுழற்றி எடுத்த ஃபைப்ரின் என்ற உறைநாரோடு வேறு துகளைக் கலந்து மறுபடி நிரப்பி அனுப்பினேன். ஒன்றும் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

எக்ஸ்ரே நம்மை ஏமாற்றுகிறது, கலா. துகளும் கால்சியம், எலும்பும் கால்சியம், இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும். அகலம் நின்றதா என்று மட்டும் அளந்து 'நல்ல பொருள்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு இனி ஒத்துப்போகாது. உள்ளே உயிருள்ள எலும்பு எத்தனை பங்கு என்று வெட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கால்சியம் சல்ஃபேட்டை, அதாவது பாரிஸ் சாந்தை, 1892லிருந்தே எலும்பில் வைத்துப் பார்க்கிறார்கள். அது ஓரிரு மாதத்தில் கரைந்துவிடும், எலும்பு வருவதற்குள் இடம் காலி. ஹைட்ராக்ஸி அபடைட் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ட்ரைகால்சியம் ஃபாஸ்ஃபேட் இரண்டுக்கும் நடுவில். கடைசி இரண்டையும் அறுபதுக்கு நாற்பது என்று சேர்த்த கலவையும் கிடைக்கிறது. ஆனால் கலவை மட்டும் போதுமா? சூளையில் சூட்டைக் குறைத்தால் துகளுக்குள் நுண்துளைகள் மிஞ்சும் என்று நீதானே சொன்னாய். ரத்தக்குழாய் நுழைய நூறு மைக்ரானுக்கு மேல் துளை வேண்டும், அவை ஒன்றோடொன்று திறந்தும் இருக்க வேண்டும். இந்த இரண்டு வகைத் துளைகளையும் வைத்துக்கொண்டு, விரலால் அழுத்தினால் நொறுங்காத துகள் செய்ய முடியுமா? மக்னீசியம் கொஞ்சம் சேர்த்தால் ட்ரைகால்சியம் ஃபாஸ்ஃபேட் கரைவது நிதானப்படும் என்கிறார்களே, அதை நீ செய்து பார்த்தாயா? மக்னீசியத் தாது நிறைந்த நம் ஊர் வெள்ளைக்கல் மலையைத் தாண்டும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் வருகிறது.

மாட்டெலும்புத் துகள் நன்றாக வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "இது எதிலிருந்து எடுத்தது டாக்டர்?" என்று கேட்கிறவர்கள் இங்கே நிறைய. சொன்னதும் பலர் வேண்டாம் என்றுவிடுவார்கள். விலையும் அதிகம். அவர்களுக்குக் கொடுக்க நம்பகமான செயற்கைத் துகள் வேண்டும். அதுவும் குறித்த தேதியில் வர முடியாதவர்களுக்கும் பொறுத்து நிற்கிற மாதிரி.

சுரண்டி எடுத்ததில் ஒரு துண்டை, அவளிடம் கேட்டுக்கொண்டு, ஃபார்மலினில் போட்டு வைத்திருக்கிறேன். மே மாதம் மாம்பழத்துக்கு வருவாய் அல்லவா, அப்போது எடுத்துப் போய் உன் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல். அவள் ஆகஸ்டில் மறுபடி வருகிறாள்.

அன்புடன்,
சாந்தி